கேண்டர்பரி: எல்லைக்கோட்டுக்குள் நின்ற மரம்

செவ்வாய், இரவு

கேண்டர்பரிக்கு வருகிறவர்கள் கதீட்ரலைப் பார்க்கத்தான் வருகிறார்கள். 1170 டிசம்பரில் பேராயர் தாமஸ் பெக்கெட்டை உள்ளேயே வெட்டிக் கொன்றதிலிருந்து இந்த ஊருக்கு யாத்திரிகர் கூட்டம் ஓய்ந்தபாடில்லை. நான் வந்தது வேறு கோயிலுக்கு. ரயில் நிலையத்தில் இறங்கி, கடைவீதி வழியாக, கதீட்ரலை இடது பக்கம் விட்டுவிட்டு, பழைய கோட்டை மதிலைத் தாண்டி, பழைய டோவர் சாலையில் தென்கிழக்காக நடந்தால் செயின்ட் லாரன்ஸ் மைதானம் வந்துவிடுகிறது. கென்ட் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) அணியின் தலைமையிடம். வாசலில் ஒரு பீர் கம்பெனியின் உபயத்தில் ‘ஸ்பிட்ஃபயர் கிரவுண்ட்’ என்று போட்டிருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் வாயில் இன்னும் செயின்ட் லாரன்ஸ்தான்.

சாயங்காலம் ஆட்டம் எதுவும் இல்லை. பிட்ச்சை உருட்டிக்கொண்டிருந்த ஊழியர் ஒருவர், சுற்றிப் பார்த்துக்கொள் என்பதுபோல் கையைக் காட்டினார். நான் முதலில் தேடியது பெவிலியனை அல்ல, மரத்தை.

கதை கேள்விப்படாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1847இல் இங்கே ஆடுகளம் போட்டபோது ஒரு பெரிய லிண்டன் மரம் ஏற்கெனவே நின்றிருந்தது. அதை வெட்டவில்லை. எல்லைக்கோட்டை உள்ளே இழுத்து மரத்தை வெளியே தள்ளவும் இல்லை. மரத்தை ஆட்டத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு, அதற்கென்று ஒரு விதியை எழுதினார்கள். பந்து மரத்தின் எந்தப் பாகத்தில் பட்டாலும் நான்கு ரன். கிளையில் பட்டுக் கீழே விழுந்ததைப் பிடித்தால் அவுட் கிடையாது. ஆறு ரன் வேண்டுமென்றால் மரத்தைத் தாண்டி அடிக்க வேண்டும். நம்மூரில் சாலை நடுவே அரசமரம் நின்றால் சாலைதானே வளைந்து போகும், அந்த மாதிரி. உலகத்தில் முதல்தர ஆட்டம், அதாவது பல நாள் நடக்கும் உயர்மட்ட ஆட்டம், நடக்கும் இடங்களில் இப்படி உள்ளே மரம் வைத்திருந்த இன்னொரு மைதானம் என்றால் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைச் சொல்வார்கள்.

சுமார் 90 அடி உயர மரம். தாண்டி அடித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 1928இல் வெஸ்ட் இண்டீஸின் லியரி கான்ஸ்டன்டைன். 1939இல் மிடில்செக்ஸின் ஜிம் ஸ்மித். இந்த ஸ்மித் பத்தாவது, பதினோராவது ஆளாக இறங்கி, கண்ணை மூடிக்கொண்டு சுற்றுவதற்குப் பேர் போனவர். 1992இல் கென்ட்டுக்கே ஆடிய கார்ல் ஹூப்பர். சும்மா நின்ற இடத்திலிருந்து பந்தைத் தட்டிவிடுவதுபோல ஆடுகிற ஹூப்பர் அந்தப் பட்டியலில் இருப்பது எனக்குத் தனி சந்தோஷம்.

பிறகு பூஞ்சை பிடித்தது. தொண்ணூறுகளிலேயே மரம் அதிக நாள் தாங்காது என்று தெரிந்துவிட்டது. 1999இல், தொண்ணூறு வயதைத் தாண்டிய கிரிக்கெட் எழுத்தாளர் இ.டபிள்யூ. ஸ்வான்டன் கையால் பதில் மரம் ஒன்றை மைதானத்தின் ஓரத்தில் நட்டுவைத்தார்கள். வாரிசைத் தயார் பண்ணிவிட்டுக் காத்திருந்தார்கள் என்று சொல்லலாம். 2005 ஜனவரியில் அடித்த புயல் காற்றில் பழைய மரம் முறிந்து விழுந்தது. அந்த மார்ச்சிலேயே, அப்போது ஆள் உயரமே இருந்த இளமரத்தைக் கொண்டுவந்து உள்ளே வைத்துவிட்டார்கள்.

அந்த இளமரத்தின் கீழேதான் இன்றைக்கு நின்றேன். நல்ல வளர்த்திதான். இலைகள் நெஞ்சு வடிவத்தில், ஓரம் ரம்பம் போல, உள்ளங்கை அகலம். தண்டைத் தொட்டுப் பார்த்தால் இன்னும் வழவழப்பு போகவில்லை. ஹூப்பர் மாதிரி ஒருவருக்கு இது ஒரு பொருட்டே அல்ல, இந்த உயரத்தை நம் டிஎன்பிஎல் பையன்களே தாண்டிவிடுவார்கள். சவாலாக வளர இன்னும் ஒரு தலைமுறை ஆகும்.

மைதானத்தின் முன்கதையும் சுவாரசியமானது. 1842இல், பேக்கர் என்ற சகோதரர்கள் நடத்திய பெவர்லி கிளப் இதே ஊரில் வேறு மைதானத்தில் ஒரு கிரிக்கெட் வாரத்தை நடத்தியது. பகலில் ஆட்டம், இரவில் நாடகம். நாடகம் போட்ட ‘ஓல்டு ஸ்டேஜர்ஸ்’ குழுவும் அந்த வருடம் பிறந்ததுதான். அன்றைய கென்ட் அணி அசாத்தியமானது. நார்ஃபோக்கிலிருந்து சம்பளம் பேசிக் கூட்டிவந்த ஃபுல்லர் பில்ச். மலைபோல உருவமும் வேகப்பந்துமாக ஆல்ஃபிரட் மின். பிறகு ஃபீலிக்ஸ் என்று ஒருவர். அவர் பள்ளிக்கூட வாத்தியார், வாத்தியார் கிரிக்கெட் ஆடித் திரிகிறார் என்று பெற்றோர் நினைத்துவிடக் கூடாதே என்று புனைபெயரில் ஆடியவர். பந்தெறியும் இயந்திரம் ஒன்றையும் அவரே கண்டுபிடித்தார். ஐந்து வருடம் கழித்து, 1847இல், சாண்ட்ஸ் பிரபுவின் நிலமான இந்த இடத்துக்கு வந்தார்கள். ஆடுகளத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையை பில்ச்சே ஏற்றுக்கொண்டார். அந்தக் காலத்தின் மிகச் சிறந்த பேட்ஸ்மேன் என்று பேர் வாங்கியவர் புல் பராமரிக்கிறவராக உட்கார்ந்துவிட்டார்! 1896இல்தான் கென்ட் கிளப் 4,500 பவுண்டு கொடுத்து நிலத்தைச் சொந்தமாக்கிக்கொண்டது.

கிரிக்கெட் வாரம் இன்றும் நடக்கிறது. இதைச் சொல்லும்போதே கொஞ்சம் எரிச்சலும் வருகிறது. 2021இல் தி ஹண்ட்ரட் என்ற நூறு பந்துப் போட்டி வந்ததிலிருந்து ஆகஸ்ட் மாதம் கவுண்டிகளின் கையைவிட்டுப் போய்விட்டது. பெரிய நகரங்களின் பெரிய மைதானங்களுக்குத்தான் அந்த ஆட்டங்கள். கேண்டர்பரிக்கு மிஞ்சியது, முக்கியமான ஆட்டக்காரர்கள் பாதிப் பேர் இல்லாத ஐம்பது ஓவர் ஆட்டங்கள்.

நாளை மச்சான் குராய்டனிலிருந்து காரில் வருகிறான். அவனுக்கு ஐபிஎல் தவிர மற்றதெல்லாம் வேலைவெட்டி இல்லாதவர்கள் ஆட்டம். எப்படிச் சமாளிக்கப்போகிறேனோ.

புதன், இரவு

“ஏனுங்க மாமா, காரை உள்ளயே விடறாங்களா?” என்று மச்சான் வாயைப் பிளந்தான்.

விடுகிறார்கள். எல்லைக்கோட்டைச் சுற்றியுள்ள புல்மேட்டில், ஆட்டத்தைப் பார்த்தாற்போலக் காரை நிறுத்திக்கொள்ளலாம். குளிர் என்றால் உள்ளேயே உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்க்கலாம், வெயில் என்றால் டிக்கியைத் திறந்துவைத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். பவுண்டரிக்கு ஹாரன் அடித்துப் பாராட்டுகிற பழக்கமும் உண்டு. எங்களுக்குப் பக்கத்துக் காரில் ஒரு தம்பதி, மடியில் கம்பளி, நடுவில் தெர்மாஸ். அவர் ஸ்கோரைக் கட்டம் போட்ட நோட்டில் பந்து பந்தாகக் குறித்துக்கொண்டிருந்தார், அந்த அம்மா தூங்கிக்கொண்டிருந்தார்.

இன்றைக்கு நடந்தது இரண்டாம் அணிகளின் ஆட்டம். டிக்கெட் கிடையாது, கூட்டமும் கிடையாது. இங்கிலாந்து மைதானங்களின் சுபாவத்தைப் பார்க்க இந்த மாதிரி நாள்தான் சரி. எல்லைக் கயிற்றை இன்றைக்கு நன்றாக உள்ளே தள்ளிப் போட்டிருந்தார்கள், மரம் கயிற்றுக்கு வெளியே போய்விட்டது. இப்போது எல்லா ஊரிலும் பாதுகாப்புக்காக இப்படித்தான் செய்கிறார்கள். மரத்துக்காக விதி எழுதிய ஊரில் இதைப் பார்க்க எனக்கு மனசு ஒப்பவில்லை. மச்சானிடம் சொன்னேன். “அதுக்கென்னங்க மாமா, சிக்ஸர் நிறைய வரும்” என்றான்.

உணவு இடைவேளைக்கு அவன் அக்கா கட்டிக்கொடுத்த தக்காளி சாதத்தை முடித்துவிட்டு ஒரு சுற்று நடந்தோம். ஸ்டாண்டுகளின் பெயர்களை வாசித்தாலே கென்ட் வரலாறு பாதி முடிந்துவிடும்.

ஃபிராங்க் வூலி ஸ்டாண்ட். 1906 முதல் 1938 வரை ஆடிய இடதுகை ஆட்டக்காரர். முதல்தர ஆட்டங்களில் ஐம்பத்தெட்டாயிரத்துக்கு மேல் ரன், இரண்டாயிரத்துக்கு மேல் விக்கெட், 1,018 கேட்ச். கீப்பர் அல்லாதவர்களில் ஆயிரம் கேட்ச்சைத் தாண்டியவர் இவர் ஒருவர்தான். இந்த மூன்றும் ஒரே ஆளின் கணக்கு என்று இரண்டு தடவை சொன்ன பிறகுதான் மச்சான் நம்பினான். லெஸ் ஏம்ஸ் ஸ்டாண்ட். விக்கெட் கீப்பராக இருந்துகொண்டே நூறு சதங்களுக்கு மேல் அடித்தவர். அவருக்குப் பிறகு காட்ஃப்ரி எவன்ஸ், அவருக்குப் பிறகு ஆலன் நாட் என்று கீப்பர்களுக்கு இந்த மண் ராசியான மண். கீப்பர் நாட்டையும் பந்துவீச்சாளர் டெரிக் அண்டர்வுட்டையும் பிரிக்க மனமில்லாமல் இருவர் பெயரிலும் சேர்த்து ஒரே ஸ்டாண்டாக வைத்துவிட்டார்கள். ஸ்டம்ப்டு நாட், பவுல்டு அண்டர்வுட் என்று எத்தனை ஸ்கோர்கார்டில் வந்திருக்கும்.

அப்புறம் காலின் கவுட்ரி ஸ்டாண்ட். இங்கே எங்கள் பக்கத்துப் பெருமை கொஞ்சம் உண்டு. கவுட்ரி பிறந்தது ஊட்டியில், 1932 டிசம்பர் 24. அப்பா தேயிலைத் தோட்டக்காரர், கிரிக்கெட் பைத்தியம், அதனால் பையனுக்கு லார்ட்ஸ் மைதானத்துக் கிளப்பான எம்.சி.சி.யின் எழுத்துகள் வரும்படி மைக்கேல் காலின் கவுட்ரி என்று பெயர் வைத்தார். பையன் நூறு டெஸ்ட் ஆடிய உலகின் முதல் ஆள் ஆனான். 1968இல் பர்மிங்ஹாமில் நடந்த அந்த நூறாவது டெஸ்டில் 104 அடித்தான்.

ஸ்டாண்டில் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். கோயம்புத்தூர் என்றதும் அவருக்குப் புரியவில்லை. “உங்கள் கவுட்ரி பிறந்த மலை எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான்” என்றேன். மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

“1975 பார்த்தேன்” என்றார். எதை என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த வருடம் ஆஸ்திரேலியர்கள் இங்கே ஆட வந்தார்கள். கடைசி இன்னிங்ஸில் கென்ட்டுக்கு 350 ரன்னுக்கு மேல் வேண்டும். கவுட்ரிக்கு வயது 42. அதற்கு முந்தைய குளிர்காலத்தில்தான், காயமடைந்தவர்களுக்குப் பதிலாக ஆஸ்திரேலியாவுக்கு அவசரமாக விமானம் ஏற்றி, வேகப்பந்து வீச்சாளர்கள் லில்லி, தாம்ஸன் முன்னால் நிறுத்தியிருந்தார்கள். இங்கே 151 நாட் அவுட், கென்ட் ஜெயித்துவிட்டது. “அவர் பந்தை அடித்ததே இல்லை, போகச் சொன்னார், போயிற்று” என்றார் பெரியவர். பிறகு குரலைத் தாழ்த்தி, “அவர் கொஞ்சம் சீக்கிரமாகவே முடிவெடுத்திருந்தால் இன்னும் பெரிய கேப்டனாக இருந்திருப்பார்” என்று சேர்த்துக்கொண்டார். ஐம்பது வருடம் ஆகியும் விமர்சனத்தில் தள்ளுபடி கிடையாது.

1970 பற்றியும் அவரே எடுத்தார். கிளப்பின் நூற்றாண்டு. ஜூலை முதல் தேதி கவுண்டி சாம்பியன்ஷிப் பட்டியலில் கென்ட் கடைசி இடம். செப்டம்பரில் முதல் இடம். 1913க்குப் பிறகு கிடைத்த முதல் சாம்பியன்ஷிப்.

1913 அணியில் இருந்த ஒருவருக்கு இங்கே நினைவுச்சின்னம் இருக்கிறது. காலின் பிளைத். இடதுகைச் சுழல், 19 டெஸ்டில் சரியாக 100 விக்கெட். 1907இல் நார்தாம்ப்டனில் ஒரே நாளில் 17 விக்கெட், கொடுத்த ரன் மொத்தமே 48. வயலின் வாசிப்பார். வலிப்பு நோய் இருந்தது. அப்படியிருந்தும் முதல் உலகப் போரில் படையில் சேர்ந்து, 1917 நவம்பரில் பெல்ஜியத்தில், பாஸ்ஷன்டேல் பக்கம் ரயில் பாதை வேலையில் இருந்தபோது குண்டு வெடித்து இறந்தார். வயது 38. கார் நிறுத்த இடம் தேடுகிறவர்கள் சின்னத்தைச் சுற்றித்தான் வண்டியைத் திருப்புகிறார்கள். ஒருவர்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை, தினம் பார்க்கிறவர்களுக்கு அது அப்படித்தான்.

மிகப் பெரிய இன்னிங்ஸ் ஒன்றும் இங்கே ஆடப்பட்டது, ஆனால் கென்ட்டுக்கு எதிராக. 1876 ஆகஸ்ட். எம்.சி.சி. 144க்கு ஆல் அவுட், ஃபாலோ ஆன், அதாவது உடனே மறுபடி பேட் பிடிக்க வேண்டிய நிலை. எம்.சி.சி.க்கு ஆடிய அந்தக் காலத்துப் பெரிய ஆட்டக்காரர் டபிள்யூ.ஜி. கிரேஸுக்கு இனி ஆட்டம் தேறாது, சீக்கிரம் அடித்துவிட்டு ரயிலைப் பிடிக்கலாம் என்று எண்ணம் என்பார்கள். அடித்தார், அன்றைக்கு அவுட் ஆகவில்லை, மறுநாளும் அடித்துக்கொண்டே இருந்தார். 344. முதல்தர கிரிக்கெட்டின் முதல் முச்சதம். அதற்கு முந்தைய சாதனை 1820இல் வில்லியம் வார்ட் அடித்த 278, ஐம்பத்தாறு வருடம் நின்றிருந்தது. கிரேஸ் அதோடு விட்டாரா என்றால், அடுத்த இரண்டு இன்னிங்ஸில் 177, 318 நாட் அவுட். அன்றைக்கும் மரம் உள்ளேதான் நின்றிருந்தது.

நம் ஆட்களும் வந்து போயிருக்கிறார்கள். 1995இல் அரவிந்த டி சில்வா. 2000இல் திராவிட் ஒரு சீசன் முழுக்க. 2003இல் கண்டித் தமிழர் முரளிதரன். இங்கிலாந்துக் குளிரில் அவர் பந்து இப்படித் திரும்புகிறதா என்று அந்த வருடம் கவுண்டி பேட்ஸ்மேன்கள் விழித்த விழி கொஞ்சநஞ்சமல்ல.

இதையெல்லாம் மச்சானிடம் அளந்துகொண்டே வந்தேன். தேநீர் இடைவேளையில் அவன் சாவகாசமாகச் சொன்னான்: “நான் இங்க முன்னாடியே வந்திருக்கேனுங்க மாமா. ஹர்மன்ப்ரீத் மேட்ச்சுக்கு.”

2022 செப்டம்பர் 21. இந்தியப் பெண்கள் அணியின் ஒருநாள் ஆட்டம். ஆபீஸ் நண்பர்களோடு வேனில் வந்தானாம். ஹர்மன்ப்ரீத் கவுர் நூறு அடிக்க நூறு பந்து, அடுத்த பதினொரு பந்தில் 43. 143 நாட் அவுட், இந்தியா 333, ஜெயித்தது 88 ரன்னில். 1999க்குப் பிறகு இங்கிலாந்தில் பெண்கள் அணி வென்ற முதல் ஒருநாள் தொடர். “கடைசி அஞ்சு ஓவர் யாரும் உட்காரவே இல்ல. பந்து இந்த மேட்டுலதான் வந்து வந்து விழுந்துச்சு” என்று கையை நீட்டிக் காட்டினான். அவனுக்கு இந்த மைதானம் அந்த ஒரு நாள்தான். வூலிக்கும் கிரேஸுக்கும் அவன் கணக்கில் இடமில்லை. அதில் தப்பு சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

வியாழன்

விடிந்ததிலிருந்து மழை. ஆட்டம் இல்லை. கதீட்ரல், நல்ல கண்ணாடி ஓவியங்கள், நுழைவுக் கட்டணம் கொஞ்சம் கடி. பெக்கெட் விழுந்த இடத்தைப் பார்த்தோம். மைதானத்துக்கு மறுபடி போனபோது நடுவில் விரிப்புகள், அதன் மேல் தண்ணீர் ஓட, மேட்டில் ஒரே ஒரு கார் நிற்கிறது. உள்ளே நேற்றைய தம்பதி, மழையைப் பார்த்தபடி சாண்ட்விச். மைதான ஓரத்து நிலத்தில் கொஞ்சம் விற்றுப் புது வீடுகள் கட்டியிருக்கிறார்கள், கிளப்பின் கஜானா காலி என்றால் முதலில் கைவைக்கும் இடம் அதுதான். பால்கனியிலிருந்து ஆட்டம் தெரியும் வீடுகள். விலையைக் கேட்க மச்சானுக்கு ஆசை, நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன்.

வெள்ளி

லண்டன் திரும்பும் வழியில், கென்ட்டின் இன்னொரு மைதானத்தைப் பார்க்காமல் போனால் தமிழ்நாட்டில் தலைகாட்ட முடியாது. டன்பிரிட்ஜ் வெல்ஸ், நெவில் மைதானம்.

செயின்ட் லாரன்ஸ் ஒரு கிளப்பின் வீடு என்றால் இது ஊர்ப் பூங்கா மாதிரிதான். 1898இல் திறந்தது. ஒரு பக்கம் முழுக்க ரோடோடெண்ட்ரான் புதர்கள், ஜூன் ஆரம்பம் என்பதால் ஊதாவும் வெள்ளையுமாய்ப் பூத்துத் தள்ளியிருந்தன. இதைப் பார்த்துத்தான் எல்லோரும் அழகான மைதானம் என்கிறார்கள், சரிதான், ஆனால் அதன் வரலாறு அத்தனை சாது இல்லை. 1913 ஏப்ரலில் வாக்குரிமை கேட்ட பெண்கள் இங்கிருந்த பெவிலியனைத் தீவைத்துக் கொளுத்தினார்கள். அங்கே அவர்கள் தலைவி எம்மெலின் பாங்கர்ஸ்ட் படம் கிடந்தது. ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கோனன் டாயில் பக்கத்து ஊர்க்காரர், பெண்களின் வாக்குரிமைக்கு எதிரான சங்கத்தின் உள்ளூர்க் கிளைத் தலைவர், எரித்தவர்களைத் திட்டிக் கூட்டத்தில் பேசினார். சில வாரங்களில் பெவிலியனைத் திரும்பக் கட்டிவிட்டார்கள்.

எழுபது வருடம் கழித்து, 1983 ஜூன் 18, இந்த மைதானத்தில் நடந்த ஒரே ஆண்கள் சர்வதேச ஒருநாள் ஆட்டம். உலகக் கோப்பை, எதிரணி ஜிம்பாப்வே. கவாஸ்கர் பூஜ்யம். ஸ்ரீகாந்த் பூஜ்யம். மொகிந்தர் 5, பாட்டீல் 1, யஷ்பால் 9. ஐந்து விக்கெட்டுக்கு 17. நான்காவது விக்கெட் விழுந்ததும் உள்ளே போயிருந்த கபில் தேவ் 138 பந்தில் 175 நாட் அவுட், 16 பவுண்டரி, 6 சிக்ஸர். 266 எடுத்து 31 ரன்னில் ஜெயித்தோம், அடுத்த சனிக்கிழமை லார்ட்ஸில் கோப்பை. அன்றைக்கு இங்கே தொலைக்காட்சி கேமரா இல்லை. ஒளிப்பதிவு ஏதும் கிடையாது.

மச்சான் நம்பாமல் புதர் ஓரத்தில் நின்றபடி போனில் யூடியூபைத் தேடினான். சினிமாவில் நடித்துக் காட்டியதுதான் வந்தது. கடைசியில் ஸ்கோர்கார்டைத் திறந்துவைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் பெவிலியன், சின்ன பவுண்டரி எது, ஆறு சிக்ஸரும் எங்கே விழுந்திருக்கும் என்று ஆடுகளத்தை நோக்கிக் கணக்குப் போட ஆரம்பித்தான். மேட்டுப் பக்கம் என்று அவன், பூப்பக்கம் என்று நான். நாயோடு நடந்துவந்த ஒருவர் எங்களைப் பார்த்துச் சிரித்து, “கபில்?” என்று மட்டும் கேட்டார். இப்படிக் கைநீட்டிச் சண்டை போடும் இந்தியர்களை அவர் நிறையப் பார்த்திருப்பார் போல.

“ஒம்போதாவது விக்கெட்டுக்கு 126, அதுல கிர்மானி 24தானா மாமா?” என்று காருக்குத் திரும்பும்போது கேட்டான்.

“அந்த 24 இல்லேன்னா 175 ஏதுடா?”

“அப்ப ஸ்ரீகாந்த்?”

நான் பதில் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை எம்25 நெரிசலில் மாட்டுவதற்குள் கிளம்ப வேண்டியிருந்தது.